வலியனுப்பு விழா

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம், அந்தக் கதவோரத்தில் நிற்கிறவங்களும் உள்ளே வாங்க. ஓணாங்குளத்துச் சண்முகக்கனியின் இடது காலில் பதினாறு வருசம் குடியிருந்த வலி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கிரைண்டரிலிருந்து இட்லி மாவை வழித்துக்கொண்டிருக்கும்போது, தானாகவே இறங்கி வெளியே வந்து சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துகொண்ட கதையைச் சொல்லப் போகிறேன். தூரத்தில் இருந்தால் பாதிதான் கேட்கும், பாதியைக் கேட்டுவிட்டுப் போய் முழுசாகச் சொல்கிறவர்கள் நம்மில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள்.

வலி வெளியே வந்த நேரத்தில் இடியும் இடிக்கவில்லை, மின்னலும் மின்னவில்லை, கிரைண்டர் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நுங்குச் சுளை அளவு இருந்தது வலி. பழைய செங்கல் நிறம், மெத்தென்று, இளஞ்சூட்டோடு, தவளைத் தொண்டை மாதிரித் துடித்துக்கொண்டு. வாடகைக்கு இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்து பெட்டியோடு வாசலில் நின்றால் வீட்டுக்காரி எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள் சண்முகக்கனி.

"போறதுன்னா முந்தியே சொல்லப்படாதா?" என்று அதைக் கேட்டாள்.

விரலால் தொட்டாள். தொட்ட உடனே இடது கணைக்காலில் பழைய இடத்தில் சுரீரென்றது. கையை எடுத்தாள், போய்விட்டது. மறுபடி தொட்டாள், வந்தது. சரி, விசயம் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு, அகப்பையால் அதை அள்ளி ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி, உப்பு ஜாடிக்கும் வெந்தய டப்பாவுக்கும் நடுவில் வைத்தாள். பிறகு பதினாறு வருசத்தில் முதல் தடவையாகச் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருக்க நேரமில்லை, ஆறரைக்கெல்லாம் மாவுக்கு ஆள் வந்துவிடும்.

இந்தச் சண்முகக்கனி யார் என்றால், ஒரு காலத்தில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவள். ரெங்கதுரை மாஸ்டர் என்று ஒரு பெரிய பயிற்சியாளர், அவருடைய விடுதியில் அவரிடம் பழகினவள். வடக்கே ஒரு பெரிய ஊரில் அகில இந்திய இறுதி ஓட்டம். ஒரு மாதமாகவே காலில் வலி. முந்தின நாள் மாஸ்டரே கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார், படத்தை அவரே வாங்கிப் பார்த்தார், "ஒண்ணுமில்ல, தசைப்பிடிப்பு" என்றார். மறுநாள் ஓட்டத்துக்கு முன்னால் அவரே ஓர் ஊசியும் போட்டுவிட்டார். அறுநூறு மீட்டர் வரைக்கும் அவள்தான் முன்னால். அறுநூறாவது மீட்டரில் காய்ந்த பனமட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், விழுந்துவிட்டாள்.

எண்ணூறில் அறுநூறு என்றால் முக்கால். "பயந்துட்டா. காலெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, மனசுதான் இல்ல, முக்காவாசியில நிறுத்திட்டா" என்று மாஸ்டர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அது அச்சில் வந்தது, அச்சில் வந்ததை ஓணாங்குளத்து டீக்கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி உரக்கப் படித்தார், படித்து முடித்த கையோடு பேரும் வைத்தார்: முக்கா. அன்றிலிருந்து அவள் முக்கா, அவள் கடை முக்கா கடை, அவள் சந்து முக்கா சந்து. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டுக்காரர்களும் காபியை மட்டும் முழுசாகக் குடித்துவிட்டு, பாதியிலே விடுகிற பெண் குடும்பத்தை எப்படிக் கரை சேர்ப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எலும்புக்குக் கட்டுப்போட்ட வடக்கத்தி டாக்டர் அவளிடம் திரும்பத் திரும்ப "கல், கல்" என்று சொல்லி எக்ஸ்ரே படத்தை ஆட்டினாராம். காலுக்குள் கல் இருக்கிறது போலிருக்கு என்று இவள் அழுதிருக்கிறாள். அங்கே வேலை பார்த்த நாகர்கோவில் நர்சம்மா ஒருத்தி வந்து, "கல்லுன்னா அவங்க பாசையில நேத்துன்னு அர்த்தம்மா. நேத்து எடுத்த படத்துலயே எலும்புல கீறல் விட்டிருக்கு, ஓட விடாதீங்கன்னு உங்க மாஸ்டர்கிட்ட நேத்தே சொன்னேனேங்காரு" என்று விளக்கினாள். ஊருக்கு வந்து இதைச் சொன்னால் ஐயம்பெருமாள் அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "கால்ல கல்லாம்லா" என்று சிரித்தார், பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள், கதை முடிந்துபோயிற்று.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கால் ஒட்டிக்கொண்டது, போகட்டும். பதக்கம் போனதும் போகட்டும். "எலும்பு விட்டது தெரிஞ்சேதான் ஓடவிட்டேன்" என்று அந்த ஆள் தன் வாயால் ஒரு தடவை, ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

இப்போது சம்படத்துக்கு வருவோம். முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுத் தையல்காரி தங்கபுஷ்பம். கடுகு இரவல் கேட்டு வந்தவள், ஊறுகாய் என்று நினைத்துத் திறந்து விரலை விட்டுவிட்டாள். விட்டவள் "அய்யோ என் காலு!" என்று போட்ட சத்தத்தில் மினிபஸ் நின்றது.

"என்ன எளவுட்டி இது?"

"என் வலி மைனி. காலையிலதான் வெளிய வந்துச்சு."

"இவ்வளவு வலியையா கால்ல வச்சிக்கிட்டு மாவாட்டுன?" என்ற தங்கபுஷ்பம், கொஞ்ச நேரம் சம்படத்தையே பார்த்தாள். "ஏட்டி, நாளைக்குக் காலையில ஒரு பொழுதுக்கு இதைக் குடேன். எங்க வீட்டு மனுசன் நான் சும்மா உக்காந்து மிஷினை மிதிக்கேன்னு சொல்லுதாரு."

மறுநாள் சட்டைப் பையில் வலியோடு வேலைக்குப் போன அவள் புருசன் பதினொரு மணிக்கே நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார், அந்த வாரம் பூராவும் தண்ணீர் அவர்தான் பிடித்தார். விசயம் வெளியே தெரிந்ததும், ஊர் என்ன ஆச்சரியப்படவா செய்தது, வரிசையில் நின்றது. கால்வலி என்று லீவு போட நினைத்த ஒரு வாத்தியார் வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் அது அசல் வலி என்று கண்டுபிடித்து மாவுக்கட்டே போட்டு அனுப்பிவிட்டார். தெருவில் பள்ளமே இல்லை என்று சாதித்த வார்டு உறுப்பினரை, அதைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு நடை நடந்து வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஜல்லி இறங்கியது. கோயில் பூசாரி வந்து பார்த்து, இது ஆண் வலியா பெண் வலியா தெரிந்தால் அதற்குத் தக்கபடி பூச்சூட்டலாம் என்றார். யாரிடம் போனாலும் அது கையிலோ பையிலோ வெளியேதான் இருக்கும், சாயங்காலம் ஆனால் சோர்ந்து சம்படத்துக்குள் சுருண்டுகொள்ளும்.

ஊருக்குள் பெரிய தகராறு ஒன்றே ஒன்றுதான் வந்தது. இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது, ரெண்டு முருங்கைக்காயாவது கொஞ்சம் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சம்படத்துக்குள் வலி இருக்கும்போது அது வெறும் பாத்திரமா, நிறைந்த பாத்திரமா? மேலத்தெருக்காரர்கள் வெறும் பாத்திரம்தான் என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் அவளுடையதை அவளுக்குக் கொடுக்கிறது எப்படிக் கணக்கில் சேராமல் போகும் என்றார்கள். பதினாறு வருசம் அவள் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஊர், சம்படத்தைப் பற்றி ஒன்பது நாள் பேசியது.

ஐயம்பெருமாள் அண்ணாச்சியும் ஒருநாள் வந்தார். "எங்க, முக்காவோட சரக்கைக் காட்டு பாப்போம், ஊரே பயப்படுது" என்று சிரித்துக்கொண்டே அள்ளிக் கையில் வைத்துக்கொண்டார். கடையிலிருந்து பம்ப்படி வரைக்கும் நடந்தார். திரும்பி நடக்க முடியவில்லை. பம்ப்படியிலேயே உட்கார்ந்து, "இதை வச்சிக்கிட்டா ஓடுனா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். மறுநாள் தூக்குச்சட்டியோடு வந்து நின்று, "கனி, ரெண்டு கரண்டி மாவு ஊத்தும்மா" என்றார். அவர் ஒருத்தர்தான் மாறினார். மற்றவர்கள் மரியாதை கூடி, 'முக்கா அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் திட்டம் வந்தது. விளையாட்டில் உடைந்துபோனவர்களை ஒட்டவைக்க 'மீண்டெழு' என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். விழுந்து கிடக்கிறவனைப் பார்த்து எழு என்று சொல்வதற்கு மூன்று வருசம் ஆலோசனை நடந்ததாம். திட்டத்தின் மாவட்ட அதிகாரி பொற்செழியன், தமிழ்ப் பண்டிதர் வீட்டுப் பிள்ளை, நல்ல மனுசர், சட்டைப் பையில் மூன்று பேனா. வேனில் ஒரு பிசியோதெரபி டாக்டர், ஒரு மனநல ஆலோசகர், நிறைய மரக்கன்று. ஓணாங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம்.

ஆலோசகர் அம்மா கனியை உட்காரவைத்து, "கண்ண மூடிக்கங்க. உங்க முன்னாடி ஒரு ஆறு ஓடுதுன்னு நினைங்க" என்றார்.

"எந்த ஆறு மேடம்? எங்க ஆத்துல தண்ணி ஓடி வருசமாச்சு. லாரிதான் ஓடுது."

"சரி, ஆறு வேண்டாம். கடல்."

"கடலை நினைச்சா கருவாட்டுக் கடன்தான் ஞாபகம் வருது மேடம்."

ஆலோசகர் அம்மா 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதிக்கொண்டார். அடுத்து பிசியோ டாக்டர் காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், குதிக்கச் சொன்னார். "வலிக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப உங்களுக்கு வலி இல்ல."

"இருக்கு சார். இந்தா, சம்படத்துல இருக்கு."

டாக்டர் தொட்டுப் பார்த்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், கண்ணில் நீர் வந்தது, அதிகாரியைக் கூப்பிட்டார். பொற்செழியன் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். அவரும் ஆச்சரியப்படவில்லை, அரசு வேலையில் இருபது வருசம் இருந்தவரை எது ஆச்சரியப்படுத்தும்?

"வலி விண்ணப்பதாரரின் உடலுக்குள் இருத்தல் வேண்டும்னு போட்டிருக்கும்மா. வெளிய இருந்தா அது பொருள். பொருளுக்கு வேற துறை."

"நான் என்ன செய்யணும் சார்?"

"திரும்ப உள்ள போட்டுக்கிட்டு வாங்க. அடுத்த முகாம் ஐப்பசியில."

"எனக்கு உங்க மருந்தும் வேண்டாம் மரக்கன்னும் வேண்டாம் சார். கடைசிப் பக்கத்துல நேருக்கு நேர் அமர்வுன்னு ஒண்ணு இருக்காம்லா? நோகடிச்சவங்களையும் நொந்தவங்களையும் எதிரெதிரே உக்காரவச்சுப் பேசவைக்கிறது. அதை மட்டும் ரெங்கதுரை மாஸ்டருக்கும் எனக்கும் வச்சுக் குடுங்க."

பொற்செழியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாஸ்டர்தாம்மா இந்தத் திட்டத்துக்கே தலைமை ஆலோசகர்."

"அப்ப ரொம்ப வசதி. வர்ற வழி தெரியும்லா."

கடிதம் போட்டார்கள். நாற்பது நாளில் மாஸ்டரிடமிருந்து பதில் வந்தது: என்னிடம் பழகிய அனைவரும் என் குழந்தைகள், நான் யாரையும் பாதித்ததாக என் நினைவில் இல்லை, எனவே அமர்வு தேவையில்லை, வீராங்கனைக்கு என் ஆசிகள். கூடவே 'நில்லாதே, ஓடு' என்று எழுதின ஒரு காபிக் கோப்பை. கனி கோப்பையில் வெந்தயத்தை ஊறப்போட்டாள்.

அதற்குள் மாஸ்டருக்கு அறுபது நிறைந்து, பணி ஓய்வு வந்தது. ஓய்வுக்கு மறுநாளே மாநிலம் முழுக்க உள்ள விடுதிகளுக்கெல்லாம் அவரைப் பெரிய பொறுப்பில் உட்காரவைக்கப் போகிறார்கள், அதனால் மாவட்ட மைதானத்து அரங்கில் தடபுடலாக ஒரு வழியனுப்பு விழா. ஆள் சேர வேண்டுமே, மீண்டெழு திட்டத்துப் பயனாளிகள் எல்லாரும் வர வேண்டும், ஊருக்கு ஒரு வேன், எலுமிச்சை சாதம் உண்டு. அழைப்பிதழ் கனிக்கும் வந்தது. வழவழ அட்டை, தங்க எழுத்து. அவள் வாசித்தாள், மறுபடி வாசித்தாள், வெளியே எட்டிப் பார்த்து, "மைனி, இங்க வாங்க, இதை எழுத்துக்கூட்டிப் படிங்க" என்றாள்.

"வ, லி, ய, னு, ப்பு," என்று படித்தாள் தங்கபுஷ்பம். "வலியனுப்பு விழா. எவரைட்டி அனுப்புதாங்க?"

நடந்தது என்னவென்றால், பொற்செழியன் செல்போனில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறார், போன் தன் பங்குக்கு 'வலி' என்று போட்டிருக்கிறது, அதை அச்சகம் அச்சடித்து, மேலிடம் கையெழுத்துப் போட்டு, இரண்டாயிரம் அட்டை ஊர் ஊராகப் போய்விட்டது. அரங்கத்து வாசலில் நாற்பதடி பேனரும் அதே எழுத்தில் ஏறிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது, ஒருத்தரும் சொல்லவில்லை. மேலிடம் கையெழுத்துப் போட்டதைப் பிழை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

கனிக்கு வந்தது. சம்படத்தோடு பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், வலியனுப்பு விழான்னு போட்டிருக்கீங்க. நான் என் வலியைக் கொண்டு வந்திருக்கேன். யார்கிட்ட குடுத்து அனுப்பணும்?"

பொற்செழியன் அட்டையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. தமிழ்ப் பண்டிதராகிய அவர் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார், வீட்டில் உட்கார்ந்து தினமும் செய்தித்தாளில் பிழை தேடுகிறார்.

"அது... எழுத்துப் பிழைம்மா."

"அப்படியா சார்? அப்ப பிழைன்னு எழுதிக் குடுத்திருங்க, நான் போயிருதேன்."

பிழை என்று எழுதிக் கொடுத்தால் யார் பிழை என்று கேட்பார்கள். விளக்கம் கேட்பார்கள், விளக்கத்துக்கு விளக்கம் கேட்பார்கள், கடைசியில் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பொற்செழியன் மின்விசிறியைப் பார்த்தார், மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார், பிறகு அரசு ஊழியர்களுக்கே வாய்த்த ஒரு தெளிவு முகத்தில் வந்தது.

"பிழையெல்லாம் இல்லம்மா. திட்டமிட்டுத்தான் போட்டிருக்கோம். விளையாட்டு வீரர்களின் வலியை அடையாளமா வழியனுப்பி வைக்கிறது. நிகழ்ச்சி நிரல்ல ஒரு வரி சேத்துருவோம்." எழுதினார்: வரவேற்புரை, வாழ்த்துரை, வலியனுப்புதல், ஏற்புரை, நன்றியுரை. "ஒரே ஒரு விசயம்மா. அரசு மேடையில ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு எது போனாலும் ஒப்புகை வேணும். பொருள், கொடுத்தவர், பெற்றவர், கையெழுத்து."

"ஒப்புகைன்னா?"

"பெற்றதை ஒப்புக்கொள்றது."

"நல்ல வார்த்தையா இருக்கே சார்," என்றாள் கனி. "எனக்கு அந்த ஒப்புகைப் புத்தகம் ஒண்ணு குடுங்க. நானே கொண்டு வந்திருதேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

விழா அன்று ஓணாங்குளத்திலிருந்து வேனில் முப்பத்தெட்டுப் பேர் போனார்கள், ஐயம்பெருமாள் அண்ணாச்சி உட்பட. அரங்கம் நிறைய ஆட்கள். முன் வரிசையில் பதவிக்காரர்கள், நடுவில் விடுதிப் பிள்ளைகள், பின்னால் பயனாளிகள், பாதிப்பேர் மாஸ்டரின் விடுதியில் இருந்தவர்கள்: தோள்பட்டை இறங்கின கபடிக்காரிகள், முதுகு வளைந்த பளுதூக்குகிறவர்கள், எடை குறைக்கிறேன் என்று பட்டினி போட்டு வயிறே சுருங்கிப்போன ஒரு மல்யுத்தக்காரி. மேடையில் ஒவ்வொருத்தராக வந்து மாஸ்டரைப் புகழ்ந்தார்கள். ஒருத்தர் சிற்பி என்றார். இன்னொருத்தர் உளி என்றார். சிற்பி, உளி இரண்டும் ஆகிவிட்டதால் மூன்றாவதாக வந்தவர் வேறு வழியில்லாமல் மலை என்றார். கல் யார் என்று யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் மாலைக்குள் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்து, தன்னடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்ததாக, வலியனுப்புதல்" என்று அறிவிப்பாளர் வாசித்தார், வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று தாளைப் பார்த்தார்.

கனி படியேறினாள். மைக் மாஸ்டருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

"எந்த வருசத்துப் பிள்ளைம்மா நீ?" என்றார் மாஸ்டர்.

"எண்ணூறு மீட்டர் சண்முகக்கனி சார்."

"அட, நீயா! அந்தப் பாதியில நிறுத்துன பிள்ளை!" மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "சின்ன வயசு, பயம் வரத்தான் செய்யும். நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்மா உன்னைய."

மன்னித்ததற்குக் கைதட்டினார்கள்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்று கனி சம்படத்தைத் திறந்து நீட்டினாள்.

"என்னது, பால்கோவாவா?" என்று மாஸ்டர் கையை விட்டார்.

ஓணாங்குளத்தில் எத்தனையோ பேர் அதைத் தொட்டிருக்கிறார்கள், எல்லாரிடமும் அது வெளியேதான் இருந்தது. மாஸ்டர் விரல் பட்டதும் அது கண் விழித்த மாதிரி ஒரு துடி துடித்தது, அவர் உள்ளங்கை வழியாக, முழங்கை வழியாக, வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவன் சந்து பொந்தெல்லாம் தெரிந்து நடப்பதைப் போல ஒரு தடுமாற்றமும் இல்லாமல் இறங்கி, இடது கணைக்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. சம்படம் காலி. காய்ந்த மட்டை முறிகிற சத்தத்தை மைக் எல்லாருக்கும் கேட்கக் கொடுத்தது.

"அய்யோ! அம்மா! எடுங்கய்யா!" மாஸ்டர் நாற்காலியோடு சாய்ந்தார். "ஊசி! ஊசி போடுங்க! டாக்டர்!"

பிசியோ டாக்டர் ஓடிவந்தார். "என்ன ஊசி சார்?"

"அதான், எலும்பு விட்டா மரத்துப்போகப் போடுவோம்லா, அந்த ஊசி! இவளுக்குப் போட்டது!"

"எப்ப போட்டது சார்?" என்றாள் கனி, மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி.

"ஓட்டத்தன்னைக்கு! முந்தின நாள் எக்ஸ்ரேல கீறல் பாத்துட்டு, மறுநாள் உனக்குப் போட்டேம்லாடி, அதே ஊசி! அதைப் போட்டுட்டு நீ அறுநூறு மீட்டர் ஓடுன, என்னால ஒக்காரவே முடியல! போடுங்கய்யா!"

பின் வரிசையில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஐயம்பெருமாள் அண்ணாச்சி எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்ற ஓணாங்குளத்துக்காரர்களும் எழுந்தார்கள். "எல்லாருக்கும் கேட்டுச்சாலே?" என்றார் அண்ணாச்சி. "சண்முகக்கனி ஓட்டத்தை நிறுத்தல, லே. கேட்டுச்சா?"

தங்கபுஷ்பம் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

மேடையில் பொற்செழியன் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வலி இப்ப உடலுக்குள்ள வந்திருச்சு," என்றார், அதில் அவருக்கு ஒரு நிம்மதி. "அதனால மாஸ்டர் திட்டத்துல பயன்பெறத் தகுதியானவர். மருத்துவ வேன் வெளியதான் நிக்குது. ஒப்புகை முடிஞ்சதும் ஊசி போட்டுரலாம்."

"சீக்கிரம்!" என்றார் மாஸ்டர்.

கனி ஒப்புகைப் புத்தகத்தை மாஸ்டர் பக்கத்தில் மேசையில் விரித்தாள். வரிசை எண் ஒன்று. பொருள் என்கிற இடத்தில் 'முறிந்த எலும்பின் வலி, தெரிந்தே கொடுத்தது' என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். பொற்செழியன் எட்டிப் பார்த்து, "கொடுத்தவர்ங்கிற இடத்துல உங்க பேரை எழுதுங்கம்மா" என்றார்.

"நான் சுமந்து வந்தவதானே சார். குடுத்தவரு அவரு," என்றாள் கனி.

பொற்செழியன் யோசித்தார். விதிப்படி அது சரியாகத்தான் இருந்தது. கொடுத்தவர்: ரெங்கதுரை. பெற்றவர்: ரெங்கதுரை. கனி எழுதினதைத் தொடக்கத்திலிருந்து மைக்கில் வாசித்துக் காட்டி, "இதுல தப்பு ஏதும் இருந்தா சொல்லுங்க சார், அடிச்சிட்டு வேற எழுதுதேன்" என்றாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பதினாறு வருசத்தில் அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. காலைப் பிடித்துக்கொண்டே, "தப்பில்ல" என்றார். "எல்லாம் சரிதான். குடு." கையெழுத்துப் போட்டார், பேர் தெளிவாக விழுந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார்கள். ஊசியைப் போட்டு வலி அடங்கியதும், ஏற்புரைக்காக அவரை மறுபடியும் மேடைக்கே கொண்டுவந்து அதே நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்று பொற்செழியன் உத்தரவு போட்டார், நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருந்தது.

கனி மேடையை விட்டு இறங்கவில்லை. மாஸ்டருடைய நாற்காலியை நிமிர்த்தி, தூசியைத் தட்டி, மேசைக்கு நேராகப் போட்டாள். எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். புத்தகத்தில் அடுத்த வரியில் இரண்டு என்று எண் போட்டு, பேருக்கான இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை மூடாமல் பின் வரிசையில் இருந்த பயனாளிகளைப் பார்த்து நீட்டினாள்.